மட்டக்களப்பு, அம்பாறையில் உல்லாசப் படகு கட்டும், திருத்தும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உல்லாசப் படகுத் தொழில் என்று இங்கே உண்மையில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் பெரிய யாட் கட்டும் தொழிற்சாலையைத் தேடினால் கிடைக்காது. தூர தேசத்துப் பாய்மர யாட்டுகள் காலிக்கும் திருகோணமலைக்கும் போகின்றன, இந்தக் கரையில் அவை தங்குவதில்லை. இங்குள்ளவை சிறிய படகுகள். பாசிக்குடாவில் கண்ணாடி அடித்தளப் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் ஓடுகின்றன. கல்லடிப் பக்கம் வாவியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் படகுகள் உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று குண்டுவீச்சில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கச் சுழியோடிகளைக் கொண்டுபோகும் படகுகள் மட்டக்களப்புக் கடலில் ஓடுகின்றன. பொத்துவில் களப்பில் கண்டல் காடு பார்க்கப் போகும் தோணிகளும், அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர்களை ஏற்றும் படகுகளும் இருக்கின்றன. உள்நாட்டில் இங்கினியாகலையில், சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தில் யானை பார்க்கும் படகுச் சவாரி நடக்கிறது.

இவை எல்லாம் பெரும்பாலும் பைபர் எனப்படும் கண்ணாடி நார் உடலும், பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போட் எஞ்சினும் கொண்டவை. புதுப்படகு எப்போதாவதுதான் கட்டப்படும், திருத்தமோ ஒவ்வொரு வருடமும் வரும். தொழிலுக்குள் நுழையும் வாசல் திருத்த வேலைதான்.

உல்லாசப் படகு வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

இந்த இரண்டு மாவட்டத்திலும் கஷ்டம். வருடம் முழுக்க அடுப்பெரிய மீன்பிடிப் படகும் செய்ய வேண்டும். 18 அடி பைபர் போட்டின் ஓட்டையை அடைக்கிற கைதான் ஹோட்டல் படகின் ஓட்டையையும் அடைக்கிறது. ரெசின் என்ற பிசினும் மாட் என்ற கண்ணாடி நார் விரிப்பும் அதேதான், எஞ்சினும் பல நேரம் அதே எஞ்சின்தான்.

ஆனால் எதிர்பார்ப்பு வேறு. மீன்பிடிப் படகுக்காரர் தண்ணீர் வராவிட்டால் சரி என்பார். ஹோட்டல்காரர் வெயிலில் சாய்த்துப் பார்த்து, ஒட்டுப் போட்ட இடம் தெரிகிறது என்று காசைப் பிடிப்பார். நிறம் பொருந்த வேண்டும், கைபிடி ஆடக்கூடாது, ஆள் கால் வைக்கும் இடத்தில் கூர் நார் நிற்கக்கூடாது. இன்னொன்று, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றக் கேட்பவர்கள் அநேகமாக உயரமான இருக்கையும் கூரையும் கேட்பார்கள். இருக்கையை ஓர் அடி உயர்த்தினால் பத்துப் பேரின் பாரம் முழுவதும் ஓர் அடி மேலே போகிறது. எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து யானையைப் பார்க்கும்போது படகு சரிவது இதனால்தான். இருக்கையைத் தாழ வைக்கச் சொல்லுங்கள். கூரைக்கு மரப்பலகை வேண்டாம், மெல்லிய குழாயும் கன்வஸ் துணியும் போதும். கேட்கமாட்டேன் என்கிற முதலாளியின் வேலையை விட்டுவிடுவதே புத்தி.

வேலை கேட்டு எப்போது போகவேண்டும்?

மே மாதத்தில் போனால் எல்லாப் படகும் தண்ணீரில் நிற்கும், உங்களோடு பேச யாருக்கும் நேரமிருக்காது. பாசிக்குடாவும் அறுகம்குடாவும் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர், ஒக்டோபர் வரை ஓடும். வாடைக்காற்று எழும்பிக் கடல் கெட்டதும் படகுகள் கரையேறும். சேதம் பார்த்துக் கணக்குப் போடுவது நவம்பர், டிசம்பரில் நடக்கும். மாரி மழை பெய்யும்போது பைபர் வேலை சரிவராது, ஈரத்தில் மாட் வெளுத்துப் போகும், ரெசின் பிசுபிசுவென்று நிற்கும். அதனால் வேலை முழுவதும் ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடியும்வரை நெருக்கிக்கொண்டு வரும். அப்போதுதான் ஆள் பற்றாக்குறை. கேட்டுப் போக நல்ல நேரம் ஜனவரி நடுப்பகுதி.

யாரிடம் கேட்பது? ரெசினும் மாட்டும் விற்கும் கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள். எந்த வாடியில், அதாவது கரையோரக் கொட்டகையில், யார் எத்தனை கிலோ வாங்கினார் என்பது அவருக்குத்தான் தெரியும். அடுத்தது எஞ்சின் உதிரிப்பாகக் கடை. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகம், ஒலுவில், கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளில் படகு இழுத்து வைத்திருக்கும் இடங்களை நேரில் சுற்றிப் பாருங்கள். பத்திரிகை விளம்பரத்தில் இந்த வேலை வருவது அபூர்வம்.

எந்தக் கைவேலையைப் பழகினால் சீக்கிரம் காசு வரும்?

பைபர் திருத்தமும் அவுட்போட் எஞ்சினும் சேர்ந்த கைக்குத்தான் இங்கே அதிக அழைப்பு. எஞ்சினைக் கழற்றாமல் அது மாட்டியிருக்கும் பின்பலகையைத் திருத்த முடியாது. எஞ்சின்காரரும் பைபர்காரரும் தனித்தனியாக வந்தால் முதலாளிக்கு இரட்டைச் செலவு, இரட்டைத் தாமதம். கன்வஸ் கூரையும் இருக்கை உறையும் தைக்கத் தெரிந்தவர்கள் குறைவு, தையல் இயந்திரம் வீட்டில் இருந்தால் அது தனி வருமானம். 12 வோல்ட் மின்வேலைக்கும் இடமுண்டு. வீட்டு வயர் போட்ட படகில் ஒரு பருவத்துக்குள் செம்பு பச்சை பிடித்துக் கறுத்துவிடும். ஈயம் பூசிய செம்பு வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், படகடித் தண்ணீர் எட்டாத உயரத்தில் மூட்டுகள் என்று செய்கிறவரைப் படகுக்காரர் திரும்பவும் தேடி வருவார்.

மரவேலைக்கு ஓடாவிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆறு மாதம் நின்றால் படகின் வளைவைக் கண்ணால் அளக்கப் பழகலாம். படகு வார்க்கும் அச்சு செய்யும் காலம் வந்தால் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

சான்றிதழ் தேவையா? எங்கே படிக்கலாம்?

கரையோர வாடியில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மேற்குக் கரைக் கம்பனிக்கோ வெளிநாட்டுக்கோ போக நினைத்தால் கேட்பார்கள். இலங்கையில் தேசிய தொழில் தகைமை என்னும் என்விகியூ 7 மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். தேர்ந்த தொழிலாளிக்கு 4ஆம் மட்டம் நல்ல இலக்கு.

தொழிற்பயிற்சி அதிகார சபையிலும், நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையிலும் விசாரியுங்கள். நைட்டா வழியில் ஒரு வேலைத்தலத்திலேயே பயிலுநராகச் சேரலாம். இலங்கை சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் பிராந்திய நிலையம் உண்டு. கடற்றொழில், எஞ்சின் சார்ந்த பாடநெறி எப்போது தொடங்குகிறது, எந்த மொழியில் நடக்கிறது என்று சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மொழி தெரியாமல் சேர்ந்து பாதியில் நின்றால் ஒரு வருடம் போய்விடும்.

ஏற்கெனவே நாலைந்து வருடம் வேலை செய்திருந்தால் வகுப்புக்குப் போகவேண்டியதில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி இருக்கிறது. வேலை செய்ததற்கான முதலாளியின் கடிதம், செய்த வேலையின் படங்கள் கொண்டுபோனால் மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறலாம். ஆகவே இன்றிலிருந்தே ஒவ்வொரு திருத்தத்துக்கும் மூன்று படம் எடுங்கள்: உடைந்த நிலை, அரைத்த நிலை, முடிந்த நிலை.

முதல் நாள் ரோலரைக் கையில் தந்தால் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

அளவு. கை வேகம் பிறகு வரும். 450 கிராம் மாட் என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 450 கிராம் நார். அதை நனைக்க அதன் எடையைப் போல இரண்டே கால் முதல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும், அதாவது சுமார் 1 கிலோ அல்லது சற்று மேல். இறுகியபின் ஒரு படை ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் கனம் தரும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைப்பது பெரிய தவறு. பலம் நாரில் இருக்கிறது, ரெசின் மிஞ்சினால் பாரமும் வெடிப்பும்தான் மிஞ்சும்.

இறுக்கி எனப்படும் ஹார்ட்னர் ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம்மூர் 30 பாகை வெயிலில் 1 சதவீதத்தை ஒட்டி நில்லுங்கள்: 1 கிலோ ரெசினுக்கு 10 கிராம், சுமார் 9 மில்லிலீற்றர். மூடியால் அளக்காமல் ஊசிக்குழலால் அளந்து ஊற்றுங்கள். வெயிலுக்குப் பயந்து 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் உள்ளே இறுகாமலே நின்றுவிடும். நேரம் போதாவிட்டால் ஹார்ட்னரைக் குறைக்காதீர்கள், கலக்கும் அளவைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு அரைக் கிலோ போதும். வாளியில் மிஞ்சிய ரெசின் சூடேறிப் புகையும், அதை மெல்லிதாக மணலில் பரப்பிவிடுங்கள்.

ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முதலில் கோபால்ற்றை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்துவிட்டு அதன்பிறகே ஹார்ட்னர். இப்போது விற்கும் பல ரெசினில் கோபால்ற் ஏற்கெனவே சேர்த்திருக்கும், கடையில் கேட்டு வாங்குங்கள்.

அச்சில் முதலில் பூசும் வெளித்தோல் படையான ஜெல்கோட் அரை மில்லிமீற்றர் கனத்துக்குச் சீராகப் போகவேண்டும். மெல்லிதாகப் பூசினால் அது முழுக்க இறுகாது. மேலே வரும் ரெசின் அதை ஊறவைக்கும், அச்சிலிருந்து எடுக்கும்போது முதலைத் தோல் போலச் சுருங்கியிருக்கும். விரலால் தொட்டால் ஒட்டவேண்டும், விரலோடு வரக்கூடாது. அப்போதுதான் முதல் மாட். ரோலரை நடுவிலிருந்து விளிம்புக்குத் தள்ளுங்கள், காற்றுக் குமிழ் வெளியேறும்.

பைபர் ஓட்டையைச் சரியாக அடைப்பது எப்படி?

வெளியே ஒரு துண்டு மாட்டை ஒட்டி மேலே பெயின்ற் அடிக்கும் வேலை ஒரு பருவம்கூடத் தாங்காது. பழைய பைபரோடு புதிய ரெசின் இரசாயனமாக இணைவதில்லை, ஒட்டி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒட்டும் பரப்புப் பெரிதாக இருக்க வேண்டும்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். தண்ணீர் புகுந்த பைபருக்கு ஒரு நாள் போதாது, சில வேளை ஒரு வாரம் எடுக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரவு விடுங்கள். காலையில் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வெடித்து, வெளுத்து, தட்டினால் மந்தமாய்ச் சத்தமிடும் எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள். பிறகு 12க்கு 1 சரிவில் அரையுங்கள்: படகின் கனம் 4 மில்லிமீற்றர் என்றால் ஓட்டை விளிம்பிலிருந்து சுற்றிலும் 48 மில்லிமீற்றர். கிரைண்டரில் 36 அல்லது 40 இலக்க டிஸ்க். முடிந்தால் உள்ளிருந்து அரைத்து, வெளியே மெழுகு பூசிய பலகையைத் தாங்கலாகப் பிடியுங்கள், வெளித்தோற்றம் கெடாது.

மாட் துண்டுகளை முன்னமே வெட்டி ஒழுங்காக அடுக்கி வையுங்கள். பெரிய துண்டு முதலில், சிறியது பின்னால் என்று போவது நல்லது. பெரியது அரைத்த சரிவு முழுவதையும் பிடித்துக்கொள்ளும், பின்னர் தேய்க்கும்போது அதன் நார் அறுபடாது. பழைய பைபரைத் தொடும் முதல் படை மாட்டாகவே இருக்கட்டும், நெய்த துணி அல்ல. ஒரே மூச்சில் மூன்று நான்கு படைக்கு மேல் போடாதீர்கள், சூடு கூடி வெளுக்கும். கடைசிப் படைக்கு மட்டும் மெழுகு சேர்த்த ரெசின். இடையில் மெழுகு ரெசின் போட்டுவிட்டால் அடுத்த படைக்கு முன் நன்றாகத் தேய்த்தெடுக்க வேண்டும்.

முந்தைய திருத்தம் எப்பொக்சி என்ற வேறு வகை ரெசினில் நடந்ததா என்று கேளுங்கள். எப்பொக்சி மேல் சாதாரண பொலியெஸ்ரர் ரெசின் நிற்காது. அடித்த ஒட்டு ஒரு மாதத்தில் தகடாகக் கழன்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

பின்பலகை உளுத்துவிட்டதை எப்படி அறிவது?

எஞ்சினைப் பாதி தூக்கி அதன் காலைப் பிடித்து ஆட்டுங்கள். டிரான்சம் எனப்படும் பின்பலகை வளைந்து கொடுத்தால் உள்ளே பிளைவூட் போய்விட்டது. சுத்தியலின் பிடியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும் உளுத்த இடம் பொத்தென்றும் கேட்கும். போல்ட்டைக் கழற்றும்போது பழுப்புத் தண்ணீர் வடிந்தால் மேலும் யோசிக்க வேண்டாம்.

காரணம் அநேகமாக அந்தப் போல்ட் துளைதான். துளையிட்டதும் சும்மா போல்ட்டை முறுக்கிவிடுவார்கள், பலகையின் வெட்டு முகம் தண்ணீரைக் குடிக்கும். சரியான முறை இது: 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்கு 18 மில்லிமீற்றரில் துளையிட்டு, தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் 12இல் மறுபடி துளையிடுவது. போல்ட் பிறகு பலகையைத் தொடவே தொடாது.

புதுப் பலகைக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட் இரண்டை ஒட்டினால் 36 வரும். எஞ்சின் தாங்கியின் வாய் எவ்வளவு திறக்கும் என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். மரைன் என்று சொல்லி விற்பதெல்லாம் மரைன் அல்ல. ஒரு துண்டைக் கொதிநீரில் சில மணி நேரம் வேகவையுங்கள், படை பிரிந்தால் அந்தப் பலகையை அலுமாரிக்கு விட்டுவிடுங்கள்.

கண்ணாடி அடித்தளம் ஏன் திரும்பத் திரும்ப ஒழுகுகிறது?

அது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற தெளிவான பிளாஸ்டிக் தகடு. சூட்டில் நீளும்: 1 மீற்றர் தகடு 20 பாகை வித்தியாசத்துக்குச் சுமார் 1.4 மில்லிமீற்றர் நீளும். இறுக்கமான துளையில் இறுக்கமான ஸ்குரூ போட்டால் தகடு நகர இடமின்றித் துளையோரத்தில் வெடிக்கும். 6 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 8 மில்லிமீற்றர் துளை விடுங்கள். அடைப்புப் பசையை முழுக்க நசுக்கி வெளியேற்றுவது இரண்டாவது தவறு. 2, 3 மில்லிமீற்றர் கனத்துக்குப் பசை நிற்கவேண்டும், அதுதான் நீட்சியைத் தாங்குகிறது. முதலில் மெதுவாக முறுக்கி, பசை இறுகியபின் சற்று இறுக்குங்கள். எந்தப் பசை என்றாலும் டப்பாவில் அக்ரிலிக்குக்கு உகந்தது என்று இருக்கிறதா பாருங்கள். அசெற்றோனால் துடைத்தால் தகடு முழுக்க மயிர் வெடிப்பு விழும். சவர்க்காரத் தண்ணீரும் மென்துணியும் மட்டும்.

எஞ்சினில் எவ்வளவு தெரிந்தால் போதும்?

பருவப் பராமரிப்பு முழுவதும் செய்யத் தெரிந்தால் உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள். நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கழுவுவது, பிளக், கியர் எண்ணெய், தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர் என்ற சுழல் இறக்கை, எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் அனோட் என்ற உலோகத் துண்டு. ஆழமில்லாத வாவியில் மண்ணை உறிஞ்சுவதால் இம்பெல்லர் சீக்கிரம் தேயும், வருடம் ஒன்று மாற்றுங்கள். பக்கத் துளையில் வரும் நீர்க்கோடு மெலிந்தால் முதலில் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். உப்பு அடைத்திருந்தால் அதோடு முடிந்தது, இல்லையென்றால் பம்பைக் கழற்றுங்கள்.

கியர் எண்ணெய் பால்நிறமாக வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பின்னால் பாருங்கள், பல நேரம் தங்கூசி நூல் சுற்றி, சீல் எனப்படும் அடைப்பு வளையத்தை அறுத்திருக்கும். நூலை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் மாற்றினால் காசு வீண், சீலும் மாற வேண்டும்.

இரண்டடி (டூ ஸ்ரோக்) எஞ்சினில் கலவை 50க்கு 1 என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். நாலடி (போர் ஸ்ரோக்) எஞ்சினில் கலக்கவே கூடாது.

கடலுக்கு நாகம் எனப்படும் துத்தநாக அனோட். சேனாநாயக்க சமுத்திரத்தின் நன்னீரில் நாகத்தின் மேல் படலம் படிந்து வேலை செய்யாமல் நிற்கும், அங்கே மக்னீசியம் அல்லது அலுமினியம் வேண்டும். உவர்நீர் வாவிக்கு அலுமினியம் பொருந்தும். அனோட்டுக்குப் பெயின்ற் அடித்துவிட்டு ஏன் எஞ்சின் கால் அரிபடுகிறது என்று கேட்பவர்களை வருடாவருடம் சந்திப்பீர்கள்.

பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

ரெசின் மணம் என்பது ஸ்ரைரீன் ஆவி. துணி மாஸ்க் அதை மறிக்காது, ஆவி உறிஞ்சும் கரி வடிகட்டி வைத்த முகமூடி தேவை. அரைக்கும்போது தூசி வடிகட்டி, நீளக் கைச்சட்டை, கண்ணாடி. ஹார்ட்னர் கண்ணில் பட்டால் தாமதமில்லாமல் 15 நிமிடத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு போத்தல் சுத்தமான தண்ணீர் எப்போதும் கையருகே இருக்கட்டும். அந்த ரெசின் வாடைக்குள் சிகரெட் பற்றவைக்கும் இடத்தில் வேலைக்கு நிற்காதீர்கள்.

நாட்சம்பளமா, கொந்தராத்தா?

முதல் வருடம் நாட்சம்பளம். அளவு கண்ணில் நிற்கும்வரை கொந்தராத்து எடுத்தால் ரெசின் கணக்குப் பிழைத்துக் கைக்காசு போகும். பிறகு எடுக்கும்போது சாமான் முதலாளியின் செலவு, கூலி தனி என்று பேசுங்கள். அரைத்துப் பார்த்தபின் சேதம் பெரிதாக இருந்தால் கூலி மாறும் என்ற ஒரு வரியை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பைபர் வேலையில் சண்டை வருவது முக்கால்வாசி இந்த ஒரு வரி இல்லாததால்.

கம்பனியில் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் பெறுங்கள்: உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி 12. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியே 3 சதவீதம் கட்ட வேண்டும்.

கொழும்புப் பக்கமோ வெளிநாட்டுக்கோ போகலாமா?

ஏற்றுமதிக்கு உல்லாசப் படகு கட்டும் கம்பனிகள் மேற்குக் கரையில் இருக்கின்றன, நீல் மரைன், சோலாஸ் மரைன் போன்றவை. அங்கே ஒரு வருடம் நின்றால் அச்சு வேலை, ஜெல்கோட் தெளிப்பு, ஐரோப்பியத் தரக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் காணலாம். வெளிநாட்டில் மாலைதீவும் ஐக்கிய அரபு இராச்சியமும் பைபர் கைக்கு வழமையான இடங்கள். முகவர் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். விசிற் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் லமினேற்றர் (பைபர் படை போடுபவர்) என்று இருக்கட்டும், பொதுத் தொழிலாளி என்றிருந்தால் சம்பளமும் அதற்கேற்றதுதான்.

சொந்தமாக வாடி போடுவதற்கு?

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையின் அனுமதி, சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்ற விசாரணை. இடம் வாங்குமுன் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தைக் கேளுங்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுக்கும் வாவிகளின் முகத்துவாரப் பகுதியில் அந்த எல்லை 2 கிலோமீற்றர்வரை உள்ளே வரும். வாவிக்கரைக் காணி கடலுக்குத் தூரம்தானே என்று கொட்டகை எழுப்பிவிட்டுப் பின்னர் அகற்றச் சொன்னால் நட்டம்.

மீன்பிடிப் படகாகப் பதிந்ததைப் பயணிகள் படகாக மாற்றித் தரும்போது, மீன்பிடிப் பதிவு பயணிகளை ஏற்றும் அனுமதி ஆகாது என்பதை உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வேலை கேட்டுப் போகும்போது எதைக் கொண்டுபோவது?

ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரித் துண்டு ஒன்று. ஒரு பக்கம் ஜெல்கோட், பின்னால் 450 மாட் மூன்று படை, நடுவில் வேண்டுமென்றே ஓட்டை போட்டு அடைத்தது. ஓரத்தை வாளால் வெட்டி அப்படியே விடுங்கள், பெயின்ற் அடிக்காதீர்கள். பாஸ்மார் எனப்படும் மூத்த கைவினைஞர்கள் முகப்பைப் பார்க்கமாட்டார்கள், வெட்டிய ஓரத்தைத் திருப்பி வெளிச்சத்தில் குமிழ் தேடுவார்கள். கூடவே ஒரு 3 அங்குல ரோலர், தூரிகை, ஊசிக்குழல், சிறிய தராசு, சொந்த முகமூடி. தராசோடு வருகிற பையனை அடுத்த நாளே வரச்சொல்வார்கள்.